மீன்வளத்தின் கண்ணுக்குப் புலப்படாத மூலதனம்: பழவேற்காடு ஏரியின் விலங்கு மிதவை உயிரிகள்

ஒரு வட்டாரத்தின் மீன்வளத்தை மதிப்பிட முற்படும்போது படகுகளின் எண்ணிக்கை, வலைகளின் வகை, குளிர்பதன வசதி, ஏற்றுமதி வருவாய் ஆகியவற்றையே நாம் முதலில் கணக்கில் கொள்கிறோம். இவை யாவும் கரையில் இருப்பவை. நீருக்குள் மீனும் இறாலும் எதை உண்டு வளர்கின்றன, அந்த உணவு எந்த அளவில் உள்ளது, எந்த ஆழத்தில் உள்ளது, எந்தப் பருவத்தில் குறைகிறது என்ற கேள்விகள் பெரும்பாலும் ஆய்வுக்கூடங்களோடு நின்றுவிடுகின்றன. ஆயினும் ஓர் ஏரியைத் தூர்வாரவோ, அதன் முகத்துவாரத்தைத் திறக்கவோ, அதில் மீன்குஞ்சுகளை விடவோ பொதுப்பணம் செலவிடப்படும்போது, அச்செலவு பயன் தந்ததா என்பதை அறிய இக்கேள்விகளுக்கான விடை இன்றியமையாதது.

நீரோட்டத்தை எதிர்த்து நீந்தும் ஆற்றலின்றி, நீரின் போக்கிலேயே மிதந்து வாழும் நுண்ணுயிர்களை மிதவை உயிரிகள் என்கிறோம். இவற்றுள் சூரிய ஒளியைக் கொண்டு தாமே உணவு தயாரிப்பவை தாவர மிதவை உயிரிகள். அவற்றை உண்டு வாழ்பவை விலங்கு மிதவை உயிரிகள். பெரும்பாலான மீன்களும் இறால்களும் நண்டுகளும் தம் வாழ்நாளின் தொடக்கத்தில் இவற்றை நம்பியே உள்ளன. திருப்பதி மாவட்டத்தின் கிழக்கு எல்லையில் பரந்து கிடக்கும் பழவேற்காடு ஏரியை எடுத்துக்காட்டாகக் கொண்டு, இவ்வுயிரிகளின் வகையும் அளவும் எவ்வாறு மாறுகின்றன, அவற்றை எவ்வாறு கணக்கிட வேண்டும், அக்கணக்கு வளர்ச்சித் திட்டங்களுக்கு எவ்வாறு உதவும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

ஏரியும் அதன் நீர்வரத்தும்

பழவேற்காடு ஏரி, ஒடிசாவிலுள்ள சிலிகாவுக்கு அடுத்தபடியாக நம் நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர்க் காயலாகும். வடக்குத் தெற்காக ஏறத்தாழ 60 கிலோமீட்டர் நீளமுடையது. ஏரி நிறைந்திருக்கும் காலத்தில் இதன் நீர்ப்பரப்பு சுமார் 450 சதுர கிலோமீட்டர். வற்றிய காலத்தில் 250 சதுர கிலோமீட்டர் அளவுக்குச் சுருங்கிவிடும். இதனை வங்கக் கடலிலிருந்து பிரிப்பது ஸ்ரீஹரிகோட்டா என்னும் நீண்ட மணல் தீவு. ஏரியின் தெற்குக் கோடி தமிழ்நாட்டின் திருவள்ளூர் மாவட்டத்திலும், எஞ்சிய பெரும்பகுதி ஆந்திரப் பிரதேசத்திலும் அமைந்துள்ளன.

ஆந்திரப் பகுதி நெடுங்காலம் நெல்லூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 2022 ஏப்ரலில் சித்தூர், நெல்லூர் மாவட்டங்களின் பகுதிகளைக் கொண்டு திருப்பதி மாவட்டம் அமைக்கப்பட்டபோது, சூளூர்ப்பேட்டை, தடா ஆகிய பகுதிகளுடன் ஏரியும் புதிய மாவட்டத்தில் சேர்ந்தது. இம்மாற்றத்துக்கு நிர்வாக முக்கியத்துவம் உண்டு. பழைய சித்தூர் மாவட்டத்தின் மலைப்பகுதிகளில் பெய்யும் மழையே ஆரணியாறு வழியாக ஏரியின் தென்பகுதிக்கு வந்து சேர்கிறது. வடமேற்கிலிருந்து காளங்கி ஆறு சூளூர்ப்பேட்டையைக் கடந்து ஏரியில் விழுகிறது. பிச்சாட்டூர் அருகே ஆரணியாற்றின் குறுக்கே கட்டப்பட்ட நீர்த்தேக்கமும் ஆந்திரப் பகுதி ஏரியும் இன்று ஒரே மாவட்ட நிர்வாகத்தின் கீழ் உள்ளன. மேலே தேக்கப்படும் நன்னீருக்கும் கீழே ஏரியின் உப்புத்தன்மைக்கும் உள்ள தொடர்பை ஒரே அலுவலகத்தின் கோப்புகளில் காண இப்போது வாய்ப்பு ஏற்பட்டுள்ளது.

ஏரிக்கு மற்றொரு நீர்வரத்து கடலிலிருந்து வருவது. தெற்கே பழவேற்காட்டு முகத்துவாரமும், வடக்கே ராயதொருவு, தூப்பிலிபாளையம் முகத்துவாரங்களும் கடலையும் ஏரியையும் இணைப்பவை. கரையோர நீரோட்டம் கொண்டுவரும் மணல் இவற்றை அடிக்கடி அடைத்துவிடுகிறது. ஆற்றுநீர் ஒருபுறம், கடல்நீர் மறுபுறம், நடுவே கோடையின் ஆவியாதல் ஆகிய மூன்றும் சேர்ந்தே ஏரியின் உயிர்வளத்தை நிர்ணயிக்கின்றன.

நீரில் வாழ்வோர் யாவர்?

விலங்கு மிதவை உயிரிகளை இருபெரும் பிரிவுகளாகக் கொள்ளலாம். வாழ்நாள் முழுவதும் மிதவையாகவே இருப்பவை ஒரு பிரிவு. இவற்றுள் தலையாயது கோபிபாடு எனப்படும் துடுப்புக்காலிகள். இவை ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய நீளமுடைய, இறாலின் தூரத்து உறவான ஓடுடைய உயிரிகள். உவர்நீர்க் காயல்களில் அகார்ஷியா, பாராகாலனஸ், ஆய்தோனா, சூடோடையாப்டோமஸ் ஆகிய இனங்களைச் சேர்ந்த துடுப்புக்காலிகளே பெரும்பாலும் எண்ணிக்கையில் முன்நிற்கும். அடுத்தது ரோட்டிபர் எனப்படும் சக்கர உயிரிகள்; இவை துடுப்புக்காலிகளைவிட மிகச் சிறியவை. மூன்றாவது, நீர்த்தெள்ளு என்று வழங்கும் கிளடோசெரா. இது பெரும்பாலும் நன்னீரை விரும்புவது.

பருவகால விருந்தாளிகளாக வருபவை மற்றொரு பிரிவு. இறால், நண்டு, சிப்பி, மீன் ஆகியவற்றின் இளம் பருவங்கள் சில நாட்களோ வாரங்களோ மிதவையாக வாழ்ந்து, பின்னர் நீந்தத் தொடங்கும் அல்லது அடித்தரையில் அமரும். பழவேற்காட்டு மீனவரின் வருவாய்க்கு இப்பிரிவு நேரடித் தொடர்புடையது. வெள்ளை இறாலும் வரி இறாலும் கடலில் முட்டையிடுகின்றன. முட்டையிலிருந்து வெளிவரும் இளம் உயிரி பல பருவங்களைக் கடந்து, ஒரு சென்டிமீட்டர் நீளமுடைய குஞ்சாகும்போது அலைவரத்துடன் முகத்துவாரம் வழியே ஏரிக்குள் நுழைகிறது. உணவு மிகுந்த, ஆழமற்ற நீரில் சில மாதங்கள் வளர்ந்து மீண்டும் கடலுக்குத் திரும்புகிறது. முகத்துவாரம் அடைபட்டால், அந்த ஆண்டுக்குரிய விதை ஏரிக்குள் வருவதில்லை.

ஆழம் என்னும் அளவுகோல்

உள்நாட்டுக் கடல்களையும் பெரிய ஏரிகளையும் ஆராயும் அறிஞர்கள், மிதவை உயிரிகளை ஆழவாரியாகப் பிரித்துக் கணக்கிடுவது வழக்கம். இதன் தேவையைக் கருங்கடல் தெளிவாகக் காட்டுகிறது. 2,200 மீட்டருக்கு மேற்பட்ட ஆழமுடைய அக்கடலில், ஏறத்தாழ 150 முதல் 200 மீட்டருக்குக் கீழே உயிர்வளி அறவே இல்லை. ஹைட்ரஜன் சல்பைடு கலந்த நீரே உள்ளது. எனவே கடலின் மிகப் பெரும் கனஅளவு மிதவை விலங்குகளுக்குப் பயன்படாது. மேலேயுள்ள மெல்லிய அடுக்கிலேயே அனைத்தும் வாழ வேண்டும். மொத்த ஆழத்தை வைத்து அக்கடலின் உணவு வளத்தைக் கணித்தால் கணக்கு முற்றிலும் தவறிவிடும்.

பழவேற்காடு இதற்கு நேர்மாறானது. இதன் சராசரி ஆழம் ஒன்றரை மீட்டருக்கு மேற்படாது. வடபகுதியில் முழங்கால் அளவு நீரே நிற்கும் இடங்கள் பல. கோடையில் அவற்றுள் சில காய்ந்து உப்புப் பூத்த வெளியாகிவிடும். முகத்துவாரக் கால்வாய்களில் மட்டுமே சில மீட்டர் ஆழம் காணப்படும். இத்தகைய ஏரியில் ஆழவாரிக் கணக்கு தேவைதானா என்ற ஐயம் எழுவது இயல்பு. தேவை என்பதற்கு மூன்று காரணங்கள் உள்ளன.

முதலாவது, உப்புநீர் நன்னீரைவிட அடர்த்தி மிக்கது. வடகிழக்குப் பருவமழையின்போது ஆற்றுநீர் ஏரிக்குள் பாயும் நாட்களில், காற்று அமைதியாக இருந்தால், நன்னீர் மேலாகவும் உவர்நீர் அடியிலும் தங்கும். அப்போது ஒன்றரை மீட்டருக்குள்ளேயே இரண்டு வேறுபட்ட வாழிடங்கள் உண்டாகின்றன. மேலடுக்கில் நன்னீர்ச் சக்கர உயிரிகளும் அடியடுக்கில் கடல்சார்ந்த துடுப்புக்காலிகளும் இருக்கக்கூடும். பலத்த காற்று வீசியதும் இவ்வேறுபாடு கலைந்துவிடும்.

இரண்டாவது, மிதவை விலங்குகளின் அன்றாட இடப்பெயர்ச்சி. பகலில் ஒளி மிகுந்த மேற்பரப்பில் இருந்தால் அவற்றைக் கண்டு உண்ணும் மீன்களுக்கு இரையாக நேரும். எனவே அவற்றுள் பல, பகலில் அடிப்பகுதிக்கு இறங்கி, அந்தி சாய்ந்ததும் மேலே ஏறித் தாவர மிதவைகளை மேய்கின்றன. விடியுமுன் மீண்டும் இறங்குகின்றன. ஆழ்கடலில் இவ்வேற்றம் நூற்றுக்கணக்கான மீட்டர் இருக்கும். ஆழமற்ற காயலில் ஒரு மீட்டர்தான் எனினும், பகல் பத்து மணிக்கு மேற்பரப்பில் எடுக்கும் நீர்மாதிரி உண்மையான தொகையைக் குறைத்துக் காட்டிவிட அதுவே போதும்.

மூன்றாவது, ஏரியின் ஆழமே நிலையானதன்று. ஆறுகள் கொண்டுவரும் வண்டலும் கடல் தள்ளும் மணலும் ஏரியை ஆண்டுதோறும் மேடாக்கி வருகின்றன. ஒரு கனமீட்டரில் உள்ள உயிரிகளின் எண்ணிக்கை மாறாதிருந்தாலும், ஆழம் பாதியானால் ஏரியின் ஒரு சதுர மீட்டர் பரப்பின் கீழ் உள்ள உணவும் பாதியாகிவிடும். எனவே கனமீட்டருக்கு இத்தனை என்ற கணக்குடன், சதுர மீட்டருக்கு இத்தனை என்ற கணக்கும் வேண்டும்.

கணக்கிடும் முறை

மிதவை உயிரிகளைப் பிடிப்பதற்கு நுண்கண்ணி கொண்ட கூம்பு வடிவ வலை பயன்படுகிறது. வலையின் வாய் விட்டம் 50 சென்டிமீட்டர் எனக் கொள்வோம். வாயின் பரப்பு சுமார் 0.196 சதுர மீட்டர். இதனை நீரில் 10 மீட்டர் தூரம் இழுத்தால் 1.96 கனமீட்டர் நீர் வடிகட்டப்படும். பிடிபட்டவற்றைப் பார்மலின் கரைசலில் பாதுகாத்து, 100 மில்லிலிட்டராக்கி, அதில் ஒரு மில்லிலிட்டரை நுண்ணோக்கியில் எண்ணும்போது 40 துடுப்புக்காலிகள் காணப்பட்டன என்று கொண்டால், மொத்தம் 4,000. அதாவது கனமீட்டருக்குச் சுமார் 2,040. இது முறையை விளக்குவதற்கான கற்பனைக் கணக்கேயன்றி ஏரியின் புள்ளிவிவரம் அன்று.

கணக்கு எளிதாகத் தோன்றினும் தவறு நேரும் இடங்கள் பல. கண்ணி அளவு 200 மைக்ரோமீட்டராக இருந்தால் வளர்ந்த துடுப்புக்காலிகள் பிடிபடும்; சக்கர உயிரிகளும் துடுப்புக்காலிகளின் குஞ்சுகளும் நழுவிவிடும். அவற்றைப் பிடிக்க 50 அல்லது 60 மைக்ரோமீட்டர் கண்ணி வேண்டும். ஆனால் நுண்கண்ணி வலை கலங்கிய ஏரிநீரில் விரைவில் அடைபட்டுவிடும். இழுத்த தூரத்தைக் கொண்டு கணக்கிட்ட நீர் உண்மையில் வலைக்குள் நுழைந்திருக்காது. இதற்காகவே வலைவாயில் நீரோட்டமானி பொருத்தப்படுகிறது. வெவ்வேறு கண்ணியுடைய வலைகளால் எடுத்த இரண்டு ஆய்வுகளை ஒப்பிட்டு, வளம் பெருகியது என்றோ குறைந்தது என்றோ முடிவு செய்வது பொருந்தாது.

ஒரு மீட்டர் ஆழத்தில் வலையைக் கீழிருந்து மேலாக இழுப்பதும் பயன் தராது. அத்தகைய இடங்களில் கைவிசைக் குழாய் கொண்டு குறிப்பிட்ட ஆழத்திலிருந்து நீரை இறைத்து, அளந்த 50 அல்லது 100 லிட்டரை வலைத்துணியில் வடிகட்டுவதே ஏற்றது. மேற்பரப்புக்கு ஒன்று, அடித்தரைக்குச் சற்று மேலே ஒன்று என இரு மாதிரிகள். அவற்றைப் பகலில் ஒருமுறை, இரவில் ஒருமுறை எடுத்தல். அதே வேளையில் உப்புத்தன்மை, வெப்பநிலை, கரைந்த உயிர்வளி ஆகியவற்றைக் குறித்தல். இவ்வளவு செய்தால் ஒரு நிலையத்தின் கணக்கு நிறைவு பெறும்.

எண்ணிக்கையும் பன்மையும்

மிதவை உயிரிகளின் தொகை மிகுந்திருப்பதே ஏரியின் நலத்துக்குச் சான்று என்று எண்ணிவிடக் கூடாது. எத்தனை இனங்கள் உள்ளன, அவை எவ்வாறு பங்கிட்டுள்ளன என்பதையும் காண வேண்டும். இதற்கு உயிரியலார் பயன்படுத்தும் குறியீடுகளுள் ஒன்றை எட்வர்டு சிம்ப்சன் 1949இல் வெளியிட்டார். ஒவ்வோர் இனத்தின் பங்கையும் இருமடி செய்து கூட்டுவதே அம்முறை. பொருளாதாரம் பயின்றோருக்கு இது புதியதன்று. ஒரு தொழிலில் சில நிறுவனங்களின் ஆதிக்கத்தை அளக்க உதவும் ஹெர்பிண்டால் குறியீடும் இதே கணக்குத்தான்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். முதல் மாதிரியில் ஐந்து இனங்கள். ஒவ்வொன்றிலும் 200 உயிரிகள். இருமடிகளின் கூட்டுத்தொகை 0.2. அதன் தலைகீழ் 5. அதாவது ஐந்து இனங்களும் உண்மையிலேயே பங்கு பெற்றுள்ளன. இரண்டாம் மாதிரியிலும் ஐந்து இனங்கள், மொத்தம் அதே 1,000 உயிரிகள். ஆனால் ஓர் இனத்தில் 900, ஏனைய நான்கிலும் 25 வீதம். இப்போது கூட்டுத்தொகை 0.8125, தலைகீழ் சுமார் 1.23. இனங்களின் பட்டியலும் மொத்தத் தொகையும் ஒன்றாகவே இருந்தும், இரண்டாவது ஏரி ஏறத்தாழ ஒரே இனத்தின் ஏகபோகத்தில் உள்ளது. அந்த ஓர் இனத்துக்குத் தீங்கு நேர்ந்தால் அதனை உண்ணும் மீன்குஞ்சுக்கு மாற்று உணவு இல்லை.

பழவேற்காட்டில் இத்தகைய ஏகபோகத்தை உண்டாக்கும் முக்கியக் காரணி உப்புத்தன்மை. கடல்நீரில் ஆயிரத்துக்கு 35 பங்கு அளவில் உப்பு உள்ளது. மழைக்காலத்தில் ஏரியின் ஆற்றுமுகப் பகுதிகளில் இது மிகவும் தாழ்ந்துவிடும்; கோடையில் வடபகுதியில் கடல்நீரையும் விஞ்சிவிடும். பொதுவாக இத்தகைய காயல்களில் மழைக்காலத்தில் சக்கர உயிரிகளும் நீர்த்தெள்ளும் தலைகாட்டும். மழை ஓய்ந்து கடல்நீர் நுழையும் மாதங்களில் துடுப்புக்காலி இனங்கள் பெருகும். கோடையில் உப்பு மிகும்போது அதனைத் தாங்கவல்ல சில இனங்கள் மட்டுமே எஞ்சி, சில வேளைகளில் பெருந்தொகையாகவும் காணப்படும்.

ஜெர்மானிய விலங்கியலார் அடால்ப் ரெமானே 1934இல், பால்டிக் கடலை ஆராய்ந்து, உப்பு ஆயிரத்துக்கு 5 முதல் 8 பங்கு வரையுள்ள நீரிலேயே இனங்களின் எண்ணிக்கை மிகக் குறைவாக இருப்பதைச் சுட்டினார். அந்நீர் நன்னீர் இனங்களுக்கு மிகை, கடல் இனங்களுக்குக் குறை. அவர் முதன்மையாக அடித்தரை உயிர்களையே ஆராய்ந்தார். மிதவை உயிரிகளுக்கும் இது அப்படியே பொருந்துமா என்பது விவாதத்துக்குரியது. எனினும் உப்பின் அளவை அறியாமல் இனங்களின் எண்ணிக்கையைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை என்பது உறுதி.

இருப்பும் வருவாயும்

மிதவை உயிரிகளின் கணக்கைப் படிக்கும் அதிகாரிகள் மற்றொரு வேறுபாட்டையும் மனத்தில் கொள்ள வேண்டும். வலையில் பிடிபடுவது அந்நேரத்து இருப்பு மட்டுமே. அது உற்பத்தி அன்று. வங்கிக் கணக்கில் மாதக் கடைசியில் எஞ்சியுள்ள தொகையைக் கொண்டு ஒருவரது மாத வருமானத்தைச் சொல்லிவிட முடியாது. வெப்பமண்டல நீரில் சக்கர உயிரிகளின் தலைமுறை சில நாட்களிலும், சிறு துடுப்புக்காலிகளின் தலைமுறை ஓரிரு வாரங்களிலும் நிறைவுறுகிறது. மீன்கள் இடையறாது உண்டு வருவதால் இருப்பு குறைவாகவும் உற்பத்தி மிகுதியாகவும் இருக்கலாம். மாறாக, உண்பதற்கு மீன் இல்லாமையாலேயே இருப்பு பெருகியிருக்கவும் கூடும். ஆகவே ஓராண்டின் ஒரே கணக்கு எதையும் நிலைநாட்டாது. தொடர்ந்து எடுத்த மாதவாரிக் கணக்கே பயன் தரும்.

ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு உணவு மாறும்போது ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே உடலாக மாறுகிறது என்பது சூழலியலின் பொதுவான மதிப்பீடு. 1,000 கிலோ தாவர மிதவை, 100 கிலோ விலங்கு மிதவையாகி, 10 கிலோ சிறுமீனாகி, ஒரு கிலோ பெருமீனாகிறது. அடிப்படியில் நேரும் சரிவு மேற்படியில் வலைக்கு வரும் மீனில் தெரிய மாதங்கள் ஆகலாம். மிதவை உயிரிகளின் கணக்கு முன்னெச்சரிக்கையாகப் பயன்படுவது இதனாலேயே.

இம்முன்னெச்சரிக்கை தவறினால் நேர்வதைக் கருங்கடல் காட்டியது. அமெரிக்காவின் அட்லாண்டிக் கரைக்குரிய நெமியாப்சிஸ் என்னும் கூழ்போன்ற உடலுடைய உயிரி, கப்பல்களின் நிலைநிறுத்து நீருடன் 1980களின் தொடக்கத்தில் அங்கு வந்து சேர்ந்தது. அது விலங்கு மிதவை உயிரிகளையும் மீன்முட்டைகளையும் உண்டு பெருகியது. அளவுமீறிய மீன்பிடிப்பும் சேர்ந்துகொள்ள, 1980களின் இறுதியில் நெத்திலி மீன்பிடிப்பு பெரும் வீழ்ச்சியுற்றது. நெமியாப்சிஸை உண்ணும் மற்றோர் உயிரி 1997இல் அங்கு வந்த பின்னரே நிலைமை சீரடையத் தொடங்கியது. காஸ்பியன் கடலில் 1999இல் நெமியாப்சிஸ் காணப்பட்டதும் அங்கும் சிறுமீன் தொழில் சரிந்தது.

முகத்துவாரமும் மீனவர் வாழ்வும்

பழவேற்காட்டு மீனவரிடையே பாடு என்னும் மரபுமுறை நெடுங்காலமாக வழங்கி வருகிறது. ஏரியின் எல்லா இடங்களிலும் இறால் சமமாகக் கிடைப்பதில்லை. முகத்துவாரத்தை ஒட்டிய நீரோட்டப் பகுதிகளே வளம் மிக்கவை. எனவே அவ்விடங்களை ஒருவரோ ஓர் ஊரோ நிலையாகக் கைப்பற்றாமல், குலுக்கல் முறையில் முறைவைத்துப் பங்கிட்டுக் கொள்கின்றனர். பொதுவளத்தைப் பகிர்வதற்கு மக்கள் தாமே கண்ட ஏற்பாடு இது; இதில் இடம்பெறாத சமூகத்தாரின் குறைகளும் உண்டு. அறிவியலார் வலைபோட்டு அறியும் உண்மையை, அதாவது ஏரியின் உணவும் விதையும் முகத்துவாரத்தைச் சார்ந்தே பரவியுள்ளன என்பதை, இம்மரபு முன்னரே உணர்ந்திருந்தது எனலாம். முகத்துவாரம் அடைபடும் ஆண்டில் பங்கிடுவதற்குரிய நல்ல பாடுகள் குறைகின்றன. எஞ்சியவற்றுக்குப் போட்டியும் பூசலும் மிகுகின்றன.

முகத்துவாரத்தைத் திறப்பதன் பயனுக்குச் சிலிகா சிறந்த முன்னுதாரணம். வண்டல் படிந்தும் உப்புத்தன்மை குறைந்தும் நலிந்திருந்த அந்தக் காயலுக்கு, 2000 செப்டம்பரில் புதிய முகத்துவாரம் வெட்டப்பட்டது. 1999-2000இல் 2,000 டன்னுக்கும் குறைவாக இருந்த மீன்வரத்து, 2001-02இல் 10,000 டன்னைக் கடந்தது. ராம்சார் உடன்படிக்கையின் கீழ், ஆபத்துக்குள்ளான ஈரநிலங்களின் பதிவேட்டில் 1993இல் சேர்க்கப்பட்டிருந்த சிலிகா, 2002இல் அதிலிருந்து நீக்கப்பட்டது.

எனினும் சிலிகாவில் பலித்தது பழவேற்காட்டில் அப்படியே பலிக்கும் என்று கொள்வதற்கில்லை. சிலிகாவின் சிக்கல் உப்புக் குறைவு. பழவேற்காட்டின் வடபகுதியிலோ கோடையில் உப்பு மிகுதி. சூளூர்ப்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டாவுக்கு ஏரியின் குறுக்கே செல்லும் சாலை, வடபகுதிக்கும் தென்பகுதிக்கும் இடையே நீரோட்டத்தைத் தடைப்படுத்துகிறது. எனவே தெற்கு முகத்துவாரத்தைத் திறந்தால் கிடைக்கும் பயன் வடக்கே முழுமையாகச் சென்றடையாது. மேலும், மணல் வரத்து ஓயாதது. தூர்வாருதலை ஒருமுறை செய்யும் மூலதனச் செலவாகக் கருதி, ஆண்டுதோறும் வேண்டிய பராமரிப்புச் செலவை ஒதுக்காவிட்டால், சில பருவங்களிலேயே முதலீடு மணலில் புதைந்துவிடும்.

நீர்த்தேக்கங்களுக்கும் பொருந்தும் பாடம்

சித்தூர், திருப்பதி மாவட்டங்களின் நன்னீர்த் தேக்கங்களிலும் இக்கணக்குக்குப் பயனுண்டு. திருப்பதிக்கும் திருமலைக்கும் குடிநீர் தருவதற்காக 1977இல் கட்டி முடிக்கப்பட்ட கல்யாணி அணையும், ஆரணியாறு நீர்த்தேக்கமும், எண்ணற்ற பாசன ஏரிகளும் இப்பகுதியில் உள்ளன. நம் நாட்டுக் கூட்டுமீன் வளர்ப்பு முறையே ஆழவாரிப் பங்கீட்டின்மேல் அமைந்தது. கட்லா மேற்பரப்பில் விலங்கு மிதவை உயிரிகளை உண்கிறது. ரோகு நடுநீரில் மேய்கிறது. மிருகால் அடித்தரையின் மக்கை உண்கிறது. எந்த அடுக்கில் உணவு எவ்வளவு உள்ளது என்று அறிந்தே குஞ்சுகளின் விகிதத்தை நிர்ணயிக்க வேண்டும். நாற்றங்கால் குளங்களில் 50 லிட்டர் நீரை வடிகட்டினால் ஒன்று முதல் இரண்டு மில்லிலிட்டர் மிதவை உயிரி கிடைக்க வேண்டும் என்பது மீன்வளத் துறையினர் நெடுநாள் கையாண்டு வரும் நெறி. ஒரு வலைத்துணியும் அளவுக் குழாயும் இருந்தால் கிராமக் கூட்டுறவுச் சங்கமே இச்சோதனையைச் செய்துவிடலாம்.

செய்ய வேண்டுவன

ஏரிக்கான திட்டங்களில் மிதவை உயிரிக் கணக்கு இடம்பெற வேண்டுமாயின் சில ஏற்பாடுகள் தேவை. முதலாவதாக, முகத்துவாரம், நடு ஏரி, ஆற்றுமுகம், வடகோடி ஆகிய இடங்களில் நிலையான நிலையங்களைத் தேர்ந்து, மாதந்தோறும், ஒரே கண்ணியுடைய வலையால், மேலடுக்கிலும் அடியடுக்கிலும், பகலிலும் இரவிலும் மாதிரி எடுக்க வேண்டும். பெரிய பொருட்செலவு இதற்குத் தேவையில்லை, தேவைப்படுவது தொடர்ச்சி. திருப்பதியில் 1954 முதல் இயங்கிவரும் ஸ்ரீ வேங்கடேஸ்வரா பல்கலைக்கழகம் போன்ற நிறுவனங்களின் விலங்கியல் மாணவர்களுக்கு இது நற்பயிற்சியாகவும் அமையும்.

இரண்டாவதாக, தூர்வாரும் பணி தொடங்குவதற்கு முன்னரே குறைந்தது ஈராண்டுக் கணக்கு கையில் இருக்க வேண்டும். பருவமழை ஆண்டுக்கு ஆண்டு மாறுபடும் இப்பகுதியில், ஓராண்டுக் கணக்கை மட்டும் வைத்து ஒப்பிட்டால், நல்ல மழையின் விளைவைத் திட்டத்தின் விளைவாக எழுதிவிட நேரும். மூன்றாவதாக, ஏரி இரு மாநிலங்களுக்குரியது. இறால் குஞ்சோ துடுப்புக்காலியோ எல்லைக்கோட்டை அறியாது. இரு மாநிலங்களும் ஒரே முறையில் கணக்கெடுத்து ஒரே பதிவேட்டில் சேர்த்தால்தான் முழு ஏரியின் நிலை விளங்கும். நான்காவதாக, அப்பதிவேடு மீனவர் எளிதில் அறியும் வண்ணம் தமிழிலும் தெலுங்கிலும் வெளியிடப்பட வேண்டும்; எந்த மாதத்தில் எங்கே குஞ்சுகள் நுழைகின்றன என்ற அவர்களது அனுபவ அறிவும் அதில் இடம்பெற வேண்டும்.

சாலைக்கும் கட்டடத்துக்கும் அளவுப் புத்தகம் இல்லாமல் பட்டியல் தொகை வழங்கப்படுவதில்லை. ஏரியில் நடைபெறும் பணிக்கு அத்தகைய அளவுப் புத்தகம் அதன் மிதவை உயிரிகளே. வெட்டியெடுத்த மணலின் கனஅளவைக் கொண்டு ஒப்பந்தக்காரரின் பணி முடிந்ததைச் சான்றளிக்கலாம். பணியின் நோக்கம் நிறைவேறியதைச் சான்றளிக்க, அடுத்த பருவத்தில் முகத்துவாரத்தின் உட்புறம் இழுத்த வலையில் இறால் குஞ்சுகளும் துடுப்புக்காலிகளும் முன்னைவிட மிகுந்துள்ளனவா என்று எண்ணிப் பார்த்தே ஆக வேண்டும். அவ்வாறு எண்ணும் வழக்கம் வேரூன்றுமாயின், ஏரியை நம்பி வாழும் மீனவக் குடும்பங்களுக்குச் செலவிடும் ஒவ்வொரு ரூபாயும் உரிய இடத்தைச் சென்றடைய அது துணைபுரியும்.